இறைச்சிக் கடைக் கொக்கிக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம்? எதுகை போட்டு மறைக்கிற லண்டன் ஆங்கிலம்

பொன்வண்டு:
மொழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும். எங்கள் டீமில் லண்டன்காரர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், தங்கமான மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் பாதி எனக்குப் பிடிபடாது. நேற்று ஒரு ஃபைலை அனுப்பிவிட்டு "ஹேவ் எ புச்சர்ஸ்" என்றார். புச்சர் என்றால் இறைச்சி வெட்டுபவர், அதுவரை தெரியும். எக்செல் ஷீட்டுக்கும் இறைச்சிக் கடைக்கும் என்ன உறவு என்று யோசித்துக்கொண்டே நானும் "ஷ்யூர், ஷ்யூர்" என்று சொல்லி வைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் அது "புச்சர்ஸ் ஹுக்", அதாவது இறைச்சியைத் தொங்கவிடுகிற கொக்கியாம். ஹுக்குக்கு எதுகை லுக். ஆகவே "ஒரு பார்வை பாருங்கள்" என்று அர்த்தமாம்.

அதுவரை சரி. ஆனால் அவர் ஹுக் என்று சொல்லவே இல்லையே! எதுகை ஆகிற சொல்லையே விழுங்கிவிட்டால் கேட்பவன் எதைப் பிடித்துக்கொண்டு அர்த்தத்துக்குப் போவது? போன வாரம் இன்னொரு பையனிடம் "யூஸ் யுவர் லோஃப்" என்றார், அவன் மதியம் வரை பிரெட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான்.

ஈஸ்ட்ஹாம் ராசன்:
தம்பி, நீங்கள் கேட்ட இடம் சரியான இடம். நான் 1998 முதல் கிழக்கு லண்டன்தான். வந்த புதிதில் அப்டன் பார்க்கில் குவீன்ஸ் மார்க்கெட்டில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றேன். பக்கத்துக் கடைக் கிழவர் தினமும் காலையில் என்னைப் பார்த்து "ஆல்ரைட், மீ ஓல்ட் சைனா" என்பார். எனக்குச் சரியான கோபம். நான் யாழ்ப்பாணத்துப் பெடியன், இவர் என்னைச் சீனாக்காரன் என்று நினைத்துவிட்டார், அதுவும் வயது போனவன் என்கிறார் என்று. ஒரு நாள் "ஐ ஆம் ஃப்ரம் ஸ்ரீலங்கா" என்று திருத்தினேன். மனிதர் சிரித்த சிரிப்பில் தக்காளிப் பெட்டி சரிந்தது.

சைனா என்றால் "சைனா பிளேட்", பீங்கான் தட்டு. பிளேட்டோடு ஒலிக்கிறது மேட், கூட்டாளி. தட்டை எடுத்துவிட்டால் சைனா மட்டும் மிஞ்சும். உங்கள் லோஃபும் அதே வழிதான். "லோஃப் ஆஃப் பிரெட்", பிரெட்டோடு ஹெட். "மண்டையைப் பாவியுங்கோ" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

கடைசிச் சொல்லை விடாமல் முழுதாய்ச் சொல்வதும் உண்டு. ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ் என்றால் ஸ்டேர்ஸ், மாடிப்படி. டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப் என்றால் வைஃப் (தொல்லையும் சண்டையும், என் மனைவி இதைப் படிக்கமாட்டா என்று நம்புகிறேன்). ஆனால் மாடிப்படியை ஆப்பிள் பேரிக்காய் என்று சும்மா பேச்சில் சொன்ன ஒரு மனிதரை இத்தனை வருடத்தில் நான் காணவில்லை, அது சுற்றுலாக்காரருக்கு விற்கிற கோப்பையில் அச்சடிக்க மட்டும்தான். உண்மையாய்ப் புழங்குவது வாலறுந்த சொற்கள்தான்.

எழுத்தாணி:
தலைப்பைப் பார்த்ததும் கை பரபரத்தது, மன்னிக்கவும், முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்த வியாதி. ஹுக், லுக் என்பது எதுகை அல்ல. எதுகை அடியிலோ சீரிலோ இரண்டாம் எழுத்து ஒன்றுவது. கடைசி ஒலி ஒன்றினால் அது இயைபு. நம் மரபில் தலைப்பக்கம் ஒன்றுவதற்குத்தான் மதிப்பு, வால் ஒன்றுவது இருந்தாலும் அதற்கு அவ்வளவு கொண்டாட்டம் கிடையாது. ஆங்கிலக் கவிதையில் பெரும்பாலும் வால்தான் எல்லாம். அந்த வாலையே வெட்டிப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

இன்னொன்று. இப்படி ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதற்கு நன்னூலில் பெயரே இருக்கிறது, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். கள் உள்ளே போனால் சொல் தானாக வெளியே வரும், எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! அதில் பொருளை வைத்து மறைக்கிறார்கள், லண்டன்காரர் ஒலியை வைத்து மறைக்கிறார். அதுதான் வித்தியாசம்.

பொன்வண்டு:
ஐயா, தலைப்பை மாற்ற இந்தத் தளம் விடவில்லை. எதுகை என்று போட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

சந்தேகப்பிராணி:
இது திருடர்கள் போலீஸுக்குத் தெரியாமல் பேசக் கண்டுபிடித்த ரகசிய மொழி என்று எங்கோ படித்தேன். அப்படியானால் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே, ரகசியம் என்ன ஆனது?

எழுத்தாணி:
எல்லாரும் சொல்கிற கதை அது, சான்றுதான் கிடையாது. ஹென்றி மேஹ்யூ லண்டன் உழைப்பாளிகளைப் பற்றி 1851-இல் எழுதும்போதே, இயைபை வைத்துப் பேசுகிற ஒரு புதுப் பாஷை கிளம்பியிருப்பதைக் குறிப்பிடுகிறார். 1859-இல் ஜான் கேம்டன் ஹாட்டன் கொச்சைச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார், அதன் பின்னால் இந்த இயைபுச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அவர் இதை முக்கியமாக யார் பேசியதாகச் சொல்கிறார் தெரியுமா? தெருவில் பாட்டுத் தாள்களையும் கதைத் தாள்களையும் கூவி விற்றவர்கள், மத்திய லண்டனில் செவன் டயல்ஸ் பக்கத்து ஆட்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் குஜிலிப் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் மாதிரி. பாட்டு விற்கிறவன் வாயில் இயைபு விளையாடாமல் வேறு யார் வாயில் விளையாடும்? திருடர்கள் பயன்படுத்தியிருக்கலாம், ஆனால் பிறந்த வீடு சந்தையும் தெருவும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தள்ளுவண்டிக் காய்கறிக்காரர்களுக்கு அப்போது வேறொரு விளையாட்டு இருந்தது, சொல்லைப் பின்னாலிருந்து படிப்பது. பாய், அதாவது பையன். பி-ஓ-ஒய் திருப்பினால் ஒய்-ஓ-பி, யாப். இன்றைக்கும் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அடாவடி செய்யும் இளவட்டத்தை யாப் என்கிறார்கள். யாப்பு இல்லை, யாப்.

ஒலிப்பெருக்கி:
தாமதமாக வருகிறேன், ஆனால் முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. இந்தச் சொற்கள் அந்த ஊர்க் காதில் மட்டும்தான் இயையும். எழுத்தைப் பார்த்தால் நமக்குப் புரியவே புரியாது.

லண்டனில் ஒருவர் ஓயாமல் பேசினால் "ராபிட்டிங் ஆன்" என்பார்கள். ராபிட் என்றால் முயல், முயல் எங்கே பேசியது? முழு வடிவம் "ராபிட் அண்ட் போர்க்", முயலும் பன்றியிறைச்சியும். போர்க்கோடு இயைவது பேச்சு என்கிற சொல். நம் வாயில் அது டாக். போர்க், டாக், இதில் என்ன இயைபு என்று கேட்பீர்கள். லண்டன்காரர் போர்க்கில் உள்ள ரகர ஒலியைச் சொல்லவே மாட்டார், "போ-ஓக்" என்று இழுப்பார். பேச்சும் அவர் வாயில் டாக் இல்லை, "டோ-ஓக்". போஓக், டோஓக், அச்சாகப் பொருந்துகிறது. (நம் வாயில் நாயும் டாக், பேச்சும் டாக். அதைப் பற்றி அவர்கள் தனி இழை வைத்திருப்பார்கள்.)

பத்து பவுண்டு நோட்டு டென்னர். அதற்குப் பெயர் "அயர்ட்டன் சென்னா", பிரேசில் நாட்டுக் கார் பந்தய வீரர், 1994-இல் இமோலா பந்தயத்தில் இறந்தவர். சென்னா, டென்னர், கடைசி ரகரம் அங்கே விழாது, டென்னா என்றுதான் வரும். ஐந்து பவுண்டு ஃபைவர், அது "லேடி கொடைவா", பழைய ஆங்கிலக் கதையில் வருகிற சீமாட்டி. ஃபைவா, கொடைவா. நாம் ஆங்கிலத்தில் ஒவ்வொரு ர்-ஐயும் கர்ணன் கவசம் மாதிரி கழற்றாமல் வைத்திருக்கிறோம், அதனால்தான் பாதி விடுகதை நமக்கு அவிழ்வதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பழைய சொல். 19ஆம் நூற்றாண்டில் குதிரைக்கு "சேரிங் கிராஸ்" என்று பெயர், லண்டனில் உள்ள ஓர் இடம் அது. கிராஸ், ஹார்ஸ், இன்றைய ஆங்கிலத்தில் ஒட்டாது. ஆனால் அந்தக் காலத்து லண்டனில் கிராஸ் என்பதை "க்ரோ-ஓஸ்" என்று நீட்டுவார்கள், குதிரை "ஹோ-ஓஸ்". செத்துப்போன உச்சரிப்பு ஒரு கேலிச் சொல்லுக்குள் ஃபாசில் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டேப் ரெக்கார்டர் வருவதற்கு முன்னால் மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்று தேடுபவர்களுக்கு இயைபு எவ்வளவு பெரிய சாட்சி பாருங்கள்.

யாரா வாசி:
மெல்பர்னிலிருந்து ஒரு கை. ஒலிப்பெருக்கி சொன்னதைப் படித்ததும்தான் எனக்குப் பத்து வருடப் புதிர் அவிழ்ந்தது. இங்கே தக்காளி சாஸை "டெட் ஹார்ஸ்" என்பார்கள், செத்த குதிரை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேன்டீனில் ஒருத்தர் பை என்கிற பலகாரத்தின் மேல் ஊற்றச் செத்த குதிரையைக் கேட்டார், நான் சைவம், அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஹோஓஸ், சோஓஸ். அட, இவ்வளவுதானா!

சுறாவுக்கு இங்கே நோவா. "நோவாஸ் ஆர்க்", ஷார்க். அமெரிக்கர்களுக்கு "செப்டிக் டேங்க்", யாங்க் என்பதோடு இயைகிறது, அது சுருங்கிச் "செப்போ" ஆகிவிட்டது. நேரில் சொல்லிவிடாதீர்கள், மரியாதையான சொல் இல்லை.

சந்தேகப்பிராணி:
சரி, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சண்டைக்கு "பார்னி" என்கிறார்கள். அது பார்னி ரபிள், டிரபிள். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வருகிற ஆள். சரிதானே?

ஒலிப்பெருக்கி:
இல்லை! எல்லாரும் விழுகிற குழி இது. அந்தக் கார்ட்டூன் வந்தது 1960-இல். பார்னி என்றால் வாக்குவாதம் என்கிற வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அப்பாவைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்த கதை. பார்னி ரபிள் என்றால் டிரபிள் என்று இப்போது சொல்வது வேறு, ஆனால் சண்டை என்கிற பார்னி அங்கிருந்து வரவில்லை.

"ஸ்கார்ப்பர்" என்று ஒன்று, ஓடிவிடு என்று பொருள். ஸ்காப்பா ஃப்ளோ, கோ என்று அழகாக விளக்குவார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள அந்தத் துறையில்தான் 1919-இல் ஜெர்மன் கப்பல்கள் தங்களைத் தாங்களே மூழ்கடித்துக்கொண்டன, அதனால் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புழங்கியது. ஆனால் ஸ்கார்ப்பர் அதற்குப் பல பத்தாண்டு முன்பே உண்டு, தப்பித்து ஓடு என்கிற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்காப்பா ஃப்ளோ பிறகு வந்து அதற்கு உரம் போட்டது, அவ்வளவுதான். அதே மாதிரி 500 பவுண்டு என்றால் மங்கி, 25 என்றால் போனி. கொச்சைதான், ஆனால் இயைபு கிடையாது. புரியாத லண்டன் சொல்லுக்கெல்லாம் இயைபு தேடிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

மஞ்சள்பை:
வீட்டில் பிள்ளைக்கு ரைமிங் வேர்ட்ஸ் சொல்லிக்கொடுக்க உதவுமா என்று பார்க்க வந்தேன், கேட், பேட், மேட் என்று. இங்கே செத்த குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ஒரு கேள்வி. நாம் டீ கீ, பணம் கிணம் என்கிறோமே, அதுவும் இதுதானா?

எழுத்தாணி:
இல்லை அம்மா. பணம் கிணம் என்றால் பணமும் அதைப் போன்றவையும் என்று விரிகிறது, பணம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, கிணத்துக்குத் தனியாகப் பொருள் இல்லை. லண்டன் வழக்கில் நேர்மாறு. சொல்ல வந்த சொல்லைச் சொல்லவே மாட்டார்கள், சம்பந்தமில்லாத இன்னொரு முழுச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வேண்டுமானால் நம் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து க சேர்த்துப் பேசுகிற 'க' பாஷையைச் சொல்லலாம், அதில் ஒளிக்கிற ஆசையாவது இருக்கிறது. ஆனால் அதில் கற்பனை கிடையாது, இயந்திரம் மாதிரி க க என்று போகும்.

பிள்ளைக்குச் சொல்ல ஒன்று வேண்டுமென்றால் ராஸ்பெர்ரியைச் சொல்லுங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். நாக்கை நீட்டிக் காற்றை ஊதி "ப்ர்ர்ர்" என்று கேலி செய்வதற்கு ஆங்கிலத்தில் ராஸ்பெர்ரி ஊதுவது என்று பெயர். எதற்காக அந்தப் பழம்? "ராஸ்பெர்ரி டார்ட்" என்று ஒரு பலகாரம், டார்ட்டோடு இயைகிற சொல் காற்றுப் பிரிவதைக் குறிக்கும். நன்னூல் பக்கத்திலேயே வைத்திருக்கிறது பாருங்கள், குழூஉக்குறிக்கு அருகிலேயே இடக்கரடக்கல், சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது. மோசமான படங்களுக்கு அமெரிக்காவில் 1981 முதல் கொடுக்கிறார்களே கோல்டன் ராஸ்பெர்ரி விருது, அதில் இருக்கிற பழமும் இந்த ஊதல்தான். விருது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழத்தின் பூர்வீகம் தெரியுமோ!

ஒலிப்பெருக்கி:
இதே வகையில் ஓர் எச்சரிக்கை. "பெர்க்" என்றால் மடையன், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சாதாரணமாக வரும், பாட்டிமார்கூடச் சொல்வார்கள். அதன் முழு வடிவத்தில் ஒளிந்திருக்கிற சொல் ஆங்கிலத்தில் உள்ள மிகக் கெட்ட வார்த்தைகளில் ஒன்று. வால் அறுந்ததால் அழுக்கும் போய்விட்டது. பொன்வண்டு கேட்டாரே, ஏன் இயைபுச் சொல்லை விழுங்குகிறார்கள் என்று, அதற்கு இதுவும் ஒரு பதில். சொல் சுத்தமாகி வீட்டுக்குள் வர முடிகிறது.

பொன்வண்டு:
எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இதைக் காக்னி என்கிறார்கள். யார் காக்னி? எங்கள் ஆள் தான் அசல் காக்னி என்கிறார், கேட்டால் ஏதோ கோயில் மணி என்கிறார்.

ஈஸ்ட்ஹாம் ராசன்:
சேப்சைடில் உள்ள செயின்ட் மேரி-லே-போ தேவாலயத்தின் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் பிறந்தவர்தான் காக்னி என்பது பழைய கணக்கு. அந்த ஆலயம் 1666 பெருந்தீயில் எரிந்து, கிறிஸ்டோபர் ரென் திரும்பக் கட்டினார். பிறகு 1941 மே மாதம் ஜெர்மன் குண்டு விழுந்து மணிகள் நொறுங்கின. புது மணிகள் ஒலித்தது 1961-இல். இடையில் இருபது வருடம் மணியே இல்லை! அப்ப அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் ஒருவரும் காக்னி இல்லையா? மேலே சொன்ன சைனாக் கிழவர் போர்க்காலத்தில் பிறந்தவர். இதைச் சொல்லி அவரைச் சீண்டுவேன், மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இப்ப அவர்களில் கனபேர் எசெக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் தமிழும் பெங்காலியும்தான் கேட்கும். பெடியன்கள் பேசுகிற ஆங்கிலம் வேறு, அதில் ஜமைக்கா வாடைதான் கூட. என் மகளுக்கு சைனா தெரியாது, ஆனால் "ரூபி" தெரியும். வெள்ளிக்கிழமை இரவு "லெட்ஸ் கோ ஃபார் எ ரூபி" என்பாள். ரூபி மரே என்று பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பாடகி ஒருத்தர், 1955-இல் ஒரே வாரத்தில் முதல் இருபது பாட்டில் ஐந்து அவருடையது. மரேயை அங்கே "மரி" என்பார்கள். மரி, கறி. கறிக்குப் பெயர் வைத்தது வெள்ளைக்காரர், பெயர் கொடுத்தது ஐரிஷ் பாடகி, கறி யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. மகளுக்கு அந்தப் பாடகியைத் தெரியாது. நான்தான் பாட்டைப் போட்டுக் காட்டினேன், அரை நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

சந்தேகப்பிராணி:
பாட்டு மறந்து, பாடகி மறந்து, கறி மட்டும் நிற்கிறது.

யாரா வாசி:
"ஆன் யுவர் டாட்" என்று இங்கேயும் சொல்கிறார்கள், தனியாக என்று. டாட் என்பது யாரோ ஒரு ஆள் என்று கேள்விப்பட்டேன்?

ஒலிப்பெருக்கி:
டாட் ஸ்லோன், அமெரிக்கக் குதிரை ஜாக்கி. 1890-களின் இறுதியில் இங்கிலாந்து போய்க் குதிரையின் கழுத்தோடு கழுத்தாகக் குனிந்து ஓட்டி ஜெயித்தார், அதுவரை அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார்கள். ஸ்லோன், ஓன். "ஆன் யுவர் ஓன்", தனியாக. பிறகு பந்தயத் தகராறில் உரிமம் போய்விட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் லண்டனில் யாராவது தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தால் அவர் பக்கத்தில் இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

மஞ்சள்பை:
டீக்கும் ஏதாவது இருக்குமே?

ஈஸ்ட்ஹாம் ராசன்:
இல்லாமலா, ரோசி லீ. சுருக்கமாய் ரோசி. இன்னொன்று, 2009-இல் கிழக்கு லண்டனில் சில ஏடிஎம் மெஷின்களில் காக்னியும் ஒரு மொழியாக வைத்தார்கள். இங்கிலீஷா, காக்னியா என்று கேட்கும். காக்னியை அழுத்தினால் பின் நம்பருக்கு "ஹக்கிள்பெரி ஃபின்" கேட்கும், கேஷுக்கு "சாசேஜ் அண்ட் மாஷ்". எனக்கு ஆசைதான், ஆனால் காசு விஷயத்தில் விளையாட வேண்டாம் என்று இங்கிலீஷையே அழுத்தினேன்.

பொன்வண்டு:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை எங்கள் ஆளுக்கு நானே ஒன்று அனுப்பினேன். நேற்று இரவு என் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது, மீட்டிங்குக்கு வர முடியவில்லை. போனுக்கு "டாக் அண்ட் போன்", நாயும் எலும்பும், சுருக்கினால் டாக். டெட் என்பதற்கு "பிரவுன் பிரெட்". ஆகவே லேப்டாப்பிலிருந்து "சாரி, மை டாக் இஸ் பிரவுன் பிரெட்" என்று டைப் செய்தேன். அவருக்கு ஒரே குஷி, ஐந்து சிரிப்புப் பொம்மை போட்டார். டீமில் மற்றவர்கள்தான் விஷயம் புரியாமல் விழிக்கிறார்கள், எச்ஆரில் ஒருத்தர் ஒரு நாள் லீவு வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

புதுவரவு77:
கடைசிப் பதிவை மட்டும்தான் பார்த்தேன். ஆழ்ந்த இரங்கல் நண்பரே. எங்கள் வீட்டிலும் போன வருடம் இப்படித்தான், பிரெட் கொடுத்திருக்கக் கூடாது. என்ன இனம், ராஜபாளையமா?